முதலில் ஒல்லியாவது, பிறகு வெயிட்ஸ் என்பது தப்பான வரிசை

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: வயது 41, எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம், 112 கிலோவிலிருந்து 87-க்கு வந்துவிட்டீர்கள், தினமும் காலையில் பெசன்ட் நகர் பீச்சில் ஒன்றரை மணி நேரம் நடக்கிறீர்கள், பிரஷர் மாத்திரை ஒன்று தொடர்கிறது, கடந்த மூன்று வாரமாக எடை அப்படியே நிற்கிறது. ஜிம்மில் விசாரித்தபோது "முதல்ல கார்டியோ பண்ணி ஒல்லியாகுங்க, வெயிட்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நடையையும் வெயிட்ஸையும் எந்த அளவில் கலப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலரோடு வருடக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் சொன்ன வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இந்த வாரமே வெயிட்ஸ் ஆரம்பியுங்கள், அதற்கு நேரம் வேண்டுமென்றால் நடையில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஏன் என்று புரிந்துகொண்டால்தான் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடாமல் செய்வீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இந்த நாலு மாதத்தில் 25 கிலோ இறங்கியதற்குப் பெரும்பங்கு ஆபரேஷன்தான் காரணம். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் முதல் சில மாதங்கள் பலருக்கு ஒரு நாள் முழுவதும் சாப்பிடுவதே ஆயிரம் கலோரிக்குக் கீழேதான் இருக்கும். இவ்வளவு பெரிய பற்றாக்குறை வரும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவு செய்வதில்லை, தசையிலும் கை வைக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் குறையும் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசுவாகப் போவது சாதாரணமாக நடப்பதுதான். இந்த இழப்பில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது, நீங்கள் இருப்பதும் சரியாக அந்தக் காலத்தில்தான். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்கிறவர்கள் எதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? அந்த அப்புறம் வரும்போது காப்பாற்ற வேண்டிய தசையில் நல்ல பங்கு போயிருக்கும், அந்த வயதில் அதைத் திரும்பக் கட்டுவது காப்பாற்றுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

சில வருடங்களுக்கு முன் நங்கநல்லூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம், 34 கிலோ குறைந்திருந்தது, தினமும் பன்னிரண்டாயிரம் ஸ்டெப்ஸ். பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவர் வந்த காரணம் தண்ணீர் கேன். "108 கிலோ இருந்தப்போ இருபது லிட்டர் கேனை நானே தூக்கி ஸ்டாண்ட்ல கவுத்துடுவேன். இப்போ முட்டி உயரம்கூட வர மாட்டேங்குது, வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டியிருக்கு" என்றார், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தேன். எட்டு. 60 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களுக்கே 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் கீழ் என்று கணக்கு, அவருக்கு 46 வயது. யாருடைய தப்பும் இல்லை, நட என்று சொன்னார்கள், அவர் மனசார நடந்தார். ஆனால் சமதரையில் நடக்கும்போது காலுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, கைக்கும் முதுகுக்கும் ஒன்றுமே இல்லை. அது மட்டுமில்லை, 108 கிலோவைச் சுமந்து நடந்த கால் இப்போது 74 கிலோவைத்தான் சுமக்கிறது, அதாவது எடை குறையக் குறைய அதே நடை தசைக்கு இன்னும் இன்னும் லேசாகிக்கொண்டே போகிறது. பெரும்பாலானவர்கள் யோசிக்காத விஷயம் இது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம், ஏழு நாள், மொத்தம் 630 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சொல்கிறது. நீங்கள் முதலாவதில் இரண்டு மடங்கு தாண்டிவிட்டீர்கள், இரண்டாவதில் பூஜ்யம்.

சரி, எப்படிக் கலப்பது? திங்கள், புதன், வெள்ளி வெயிட்ஸ், ஒவ்வொன்றும் 35, 40 நிமிடம் போதும். முடிந்ததும் பத்து நிமிடம் மெதுவாக நடக்கலாம். செவ்வாய், வியாழன், சனி முக்கால் மணி நேர நடை, பேச முடிய வேண்டும் ஆனால் பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில். கையில் கட்டும் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை நம்பி வேகத்தை வைக்க வேண்டாம், பிரஷர் மாத்திரைகளில் சில வகை இதயத்துடிப்பையே குறைத்து வைக்கும், அப்போது அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஞாயிறு உங்கள் இஷ்டம், பீச்சை விட மனசில்லை என்றால் அன்றைக்குப் போய் நிதானமாக நடந்துவிட்டு வாருங்கள்.

ஒரே நாளில் இரண்டும் செய்வதாக இருந்தால் வெயிட்ஸ் முன்னால், நடை பின்னால். ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் நடந்து காலைத் துவள வைத்துவிட்டு ஸ்குவாட் போடப் போனால் போடுகிற நாலு செட்டும் அரைகுறையாகத்தான் இருக்கும். கார்டியோ வெயிட்ஸின் பலனைத் தின்றுவிடும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள், அது 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பத்து வாரம் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கடைசி வாரங்களில் வலிமை ஏறுவது நின்று, இறங்கவே ஆரம்பித்தது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் இரண்டையும் கடுமையாகச் செய்தவர்கள். முக்கால் மணி நேரம் வாரம் மூன்று நாள் நடப்பவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. உங்கள் விஷயத்தில் பிரச்சினை வேறு, இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிற உடம்பில் மீண்டு வருவதற்கான சக்தி குறைவு, அதை முழுக்க நடையில் செலவழித்துவிட்டால் தசைக்கு மிச்சம் இருக்காது.

என்ன வெயிட்ஸ் என்று கேட்டால், ஜிம்மில் இருக்கும் எல்லா மெஷினும் வேண்டாம். உட்கார்ந்து எழுவது, குனிந்து தரையிலிருந்து தூக்குவது, ஏதாவது ஒன்றைத் தள்ளுவது, இழுப்பது, சுமந்துகொண்டு நடப்பது. இந்த ஐந்தும் இருந்தால் உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் வந்துவிடும். நான் முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத்தான் ஆரம்பிப்பேன். கால் இரண்டும் தோள் அகலத்துக்கு, பாதம் முழுவதும் தரையில். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தும் உட்காராமலும் தொட்டுவிட்டு மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். நாற்காலியை விட்டு எழும்போது கை தொடையை ஊன்றப் போகும், ஊன்ற விடாதீர்கள். பத்து தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. இது லேசானதும் மார்போடு நாலு கிலோ டம்பெல் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே வேலை. தள்ளுவதற்குச் சமையல் மேடையில் கை ஊன்றிப் புஷ் அப், இழுப்பதற்கு ஜன்னல் கம்பியில் கட்டிய ரெசிஸ்டன்ஸ் பேண்ட், குனிந்து தூக்குவதற்குப் பாதித் தண்ணீர் நிரப்பிய குடம். சுமப்பதற்கு இரண்டு கையிலும் ஐந்து கிலோ அரிசிப் பை, ஹாலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நிமிர்ந்து நடப்பது.

இதில் உயிர்நாடி எடையைக் கூட்டிக்கொண்டே போவதுதான். ஒரு கிலோ பிங்க் டம்பெல்லை நாற்பது தடவை ஆட்டிவிட்டு வெயிட்ஸ் செய்தேன் என்று வருகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன், அது கைக்குக் கார்டியோ, அவ்வளவுதான். பத்து தடவை முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும், அதற்கு மேல் முடியாது என்று தோன்றுகிற எடைதான் உங்கள் எடை. பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் அடுத்த தடவை ஒரு படி ஏற்றுங்கள். பெண்ணாக இருந்தால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்ற கவலை சுத்தமாக வேண்டாம், இந்தச் சாப்பாட்டில் இருக்கிற தசை நிற்பதே வெற்றி. தூக்கும்போது மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், பிரஷரும் ஏறும்.

இதைப் படிக்கிறவர்களில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. உங்களுக்கு இப்போது நடை மட்டும்தான், வார்டிலேயே எழுப்பி நடக்க வைத்திருப்பார்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. முதல் நாலிலிருந்து ஆறு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள், தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதுவும் கூடாது. வெளியே தழும்பு சின்னதாக இருப்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். வயிற்றுக்கான சிட் அப், பிளாங்க் எல்லாம் இன்னும் தள்ளி, சர்ஜன் சொன்ன பிறகு. இருமும்போது தழும்பருகே புடைத்தால் எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு பக்கம் வருகிறேன், ஏனென்றால் புரோட்டீன் இல்லாமல் வெயிட்ஸ் செய்வது செங்கல் இல்லாமல் கொத்தனாரைக் கூப்பிடுவது போல. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், 80 வரை போனால் நல்லது, பெரும்பாலான டயட்டீஷியன்கள் சொல்வதும் இதுதான். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. நம் ஊர்ச் சாப்பாட்டில் இந்த 60 சும்மா வராது. இரண்டு இட்லியில் நாலைந்து கிராம், அதோடு இந்தச் சின்ன வயிறு நிறைந்துவிடும், காலைச் சாப்பாடு முடிந்தது. அதற்குப் பதில் இரண்டு முட்டை 12 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில், சங்கராவோ வஞ்சிரமோ, குழம்பிலோ தவாவிலோ, பொரித்தது வேண்டாம். சைவம் என்றால் பனீர் 100 கிராமில் 18, மீல் மேக்கர் உலர்ந்தது 25 கிராம் எடுத்தால் 13, ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு ஒன்பது. சாம்பாரை ஊற்றிக்கொண்டேன், பருப்பு சாப்பிட்டாயிற்று என்று கணக்கு எழுதாதீர்கள், ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று அடுப்பில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். தட்டில் முதலில் புரோட்டீன், அப்புறம் காய், இடமிருந்தால் சோறு. சைவத்தில் எண்ணிக்கை எட்டவில்லை என்றால் வே (whey) புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப் 20 முதல் 25 கிராம் தரும், அதை மருந்து மாதிரி எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

அடுத்தது வியர்வை. சென்னையில் புழுக்கம் அதிகம், வியர்வை காயாமல் வழிகிறது, உடம்பு சூடும் இறங்குவதில்லை. மற்றவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துச் சரிக்கட்டிவிடுவார்கள், உங்களால் அது முடியாது, ஸ்லீவ் வயிற்றில் வாய் வாயாகத்தான் போகும். அதனால் காலையில் எழுந்ததிலிருந்தே உறிஞ்சிக் குடித்துக்கொண்டு, கையில் பாட்டிலோடு கிளம்ப வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் ஆறரை மணிக்குள் வெளி நடையை முடித்துவிடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, அதிகம் வியர்த்த நாளில் ஓஆர்எஸ். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் அரை மணி நேரம் விடுவது உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

உங்கள் பிரஷர் மாத்திரையைப் பற்றி ஒன்று. 112 கிலோவுக்கு எழுதிக்கொடுத்த அளவு 87 கிலோவுக்கு அதிகமாகிவிடலாம். குனிந்து குடத்தைத் தூக்கி நிமிரும்போது கண் இருட்டினால், அதுவும் தண்ணீர் குறைந்த நாளில், பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் ஒரு வாரம் காலை மாலை பிரஷர் பார்த்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பயிற்சியின்போது தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சட்டென்று இறங்கிவிடும். ஸ்லீவுக்குப் பதில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்கள் ஜிம்முக்கு முன்னால் ஜூஸ் குடிக்கவே கூடாது. உடனே படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம், அல்லது ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை கீழே போய் மயக்கம் வரலாம், இரண்டாவது வகை ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் தாண்டிய பிறகுகூடப் புதிதாகத் தலைகாட்டும்.

வெயிட்ஸ் ஆரம்பித்த முதல் வாரம் தொடை வலிக்கும், கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடாக இருக்கும். அப்போது மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உங்கள் வயிற்றுக்கு ஆகாது, பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண்ணே வரும். தாங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால், பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது, மெதுவாக நடந்தாலே இரண்டு நாளில் விட்டுவிடும்.

எடை நின்றதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். நாலாவது மாதத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்பது ரொம்பச் சாதாரணம், நடையை இரண்டு மணி நேரமாக்கி அதை உடைக்கப் பார்க்க வேண்டாம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வெயிட்ஸ் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் எடை பார்க்கும் மெஷினில் ஒரு கிலோ ஏறக்கூடும், வேலை கண்ட தசை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் வருவது அது. பயந்து விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் மட்டும் மெஷினில் ஏறுங்கள், அதோடு தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், மாதம் ஒரு தடவை அந்த 30 விநாடி நாற்காலிக் கணக்கை எடுங்கள். இடுப்பு இறங்கி, நாற்காலி எண் ஏறினால், மெஷின் என்ன காட்டினாலும் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

நடையைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று கண்டார்கள், அந்தக் கணக்கில் நீங்கள் 25 கிலோ குறைந்ததற்கு அடிக்கு 100 கிலோ இறங்கியிருக்கிறது, அதை அனுபவிக்காமல் எப்படி? இதயத்துக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் நடை வேண்டும். அதோடு ஒன்றரை இரண்டு வருடம் கழித்துப் பசி திரும்ப வரும், இன்னும் கொஞ்சம் சாப்பிட முடியும், ஆபரேஷன் தானாகச் செய்துகொண்டிருந்த வேலை அப்போது குறைந்துவிடும், இறங்கிய எடை ஏற ஆரம்பிப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் நடையைக் கூட்டுங்கள், வாரம் 300 நிமிடம் என்றாலும் நல்லது, வெயிட்ஸ் இரண்டு நாளாகக் குறைந்தாலும் போதும். முதல் வருடம் வெயிட்ஸுக்கு முன்னுரிமை, இரண்டாவது வருடத்திலிருந்து நடை மெல்ல மேலே வரட்டும். இதுதான் நீங்கள் கேட்ட விகிதம், ஒரே எண்ணாகச் சொல்ல முடியாததற்குக் காரணமும் இதுதான்.

நங்கநல்லூர் அக்காவுக்கு அந்தக் கேனைக் கவிழ்க்க ஐந்து மாதம் ஆனது, பாதிக் குடத்தில் ஆரம்பித்து. நாற்காலியில் எட்டு பதினாறாகியிருந்தது. எடை அந்த ஐந்து மாதத்தில் மேலும் நாலு கிலோதான் இறங்கியது, ஆனால் சுடிதார் இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, மெட்ரோ படி ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறது, பயிற்சி செய்யச் செய்யச் சோர்வுதான் கூடுகிறது என்றால் ஸ்டாமினா குறைவு என்று எண்ணி இன்னும் கடுமையாக ஓடாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரும்பும் பி12-உம் குறைவது அடிக்கடி நடப்பது, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இன்னும் அதிகம். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி மூன்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், ஒன்று மற்றதைச் சேர விடாது.